6,000 ரூபாய்ப் பெட்டியில் 20,000 லூமன்: அந்தக் கணக்கு எங்கே இடிக்கிறது?

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது பெரிய டிவிக்கு வரி குறைந்த செய்தி எல்லாருக்கும் வந்து சேர்ந்தது. அதே பட்டியலில் புரொஜெக்டரும் இருந்தது, அதுவும் 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. வரியோடு 12,800 ரூபாய்க்கு விற்ற பெட்டி 11,800-க்கு வர வேண்டும் என்பது கணக்கு. வந்ததா என்பது விற்கிறவரின் மனசு.

விலை இறங்கியதும் ஆசை ஏறுகிறது. ஆனால் ஆன்லைனில் தேட உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது. 6,000 ரூபாய்ப் பெட்டி ஒன்று 20,000 லூமன் என்கிறது, இரண்டு வரி கீழே 60,000 ரூபாய்ப் பெட்டி வெறும் 3,000 லூமன் என்கிறது. பத்தில் ஒரு பங்கு விலைக்கு ஏழு மடங்கு வெளிச்சமா? அப்படியென்றால் 60,000 கொடுப்பவர்கள் எல்லாம் ஏமாளிகளா? இந்த ஒரு முரணை அவிழ்த்தால் மலிவு புரொஜெக்டர் வாங்குவதில் முக்கால்வாசி குழப்பம் தீர்ந்துவிடும், அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

## லூமன்: வீட்டு பல்பிலிருந்து புரிந்துகொள்வது

ஒரு விளக்கிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சத்தின் அளவுதான் லூமன். வீட்டில் இருக்கும் 9 வாட் எல்இடி பல்பின் அட்டையைப் பாருங்கள், சுமார் 900 லூமன் என்று போட்டிருக்கும். அதாவது ஒரு வாட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 100 லூமன். நல்ல எல்இடி இதைவிடக் கொஞ்சம் கூடத் தரும், ஆனால் பல மடங்கு தராது.

இப்போது அந்த 20,000 லூமன் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள், அல்லது விவரப் பக்கத்தில் வாட் என்று தேடுங்கள். 60 வாட், 80 வாட் என்று இருக்கும். ஃபேன், ஸ்பீக்கர், சர்க்யூட் எதற்கும் ஒரு துளி போகாமல் 80 வாட்டும் எல்இடிக்கே போனால்கூட 8,000 லூமன்தான். ஆக, பெட்டிக்குள்ளேயே 20,000 கிடையாது. வெளியே எங்கிருந்து வரும்?

உள்ளே பிறக்கும் வெளிச்சமும் அப்படியே சுவருக்கு வருவதில்லை. மலிவு பெட்டிகள் பெரும்பாலும் ஒற்றை எல்சிடி பேனலில் வேலை செய்பவை. வெள்ளை எல்இடி, அதன் முன்னே பழைய மொபைல் திரை போன்ற சிறு பேனல், அதன் முன்னே லென்ஸ், அவ்வளவுதான். வழியில் நடப்பது இது:

1. எல்சிடி வேலை செய்ய ஒரு திசையில் அதிரும் ஒளி மட்டும் வேண்டும். அதற்கான போலரைசர் ஏடு ஏறத்தாழ பாதி வெளிச்சத்தை விழுங்கிவிடும்.
2. பேனலில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டும் விடும் வடிகட்டி. மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு இங்கே போகும்.
3. இதுவரை ஆறில் ஒரு பங்குதான் பிழைத்திருக்கிறது. அதிலும் புள்ளிகளுக்கு இடையே ஓடும் மின்கம்பிகள் மறைப்பது, ஓரமாகச் சிதறுவது, சின்ன லென்ஸ் வாய்க்குள் நுழைய முடியாமல் போவது என்று பெரும்பகுதி காணாமல் போகும்.

கடைசியில் சுவருக்கு வந்து சேர்வது 200, 300 லூமன். விளம்பரம் சொன்ன எண்ணில் நூற்றில் ஒன்று, இரண்டு. முழுப் பொய்யா என்று கேட்டால், எல்இடியின் வெளிச்சத்தைக் கணக்கு காட்டியிருக்கிறோம் என்று சிலர் சமாளிப்பார்கள். 80 வாட் பெட்டிக்கு அந்தச் சமாளிப்பும் செல்லாது என்பதை மேலே பார்த்தோம். சிலர் இன்னும் சாமர்த்தியமாக லூமன் என்ற சொல்லையே எழுதாமல் எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில 'எல்' எழுத்தை மட்டும் போட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்று அவர்களைக் கோர்ட்டில் நிறுத்திக் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள்.

நம்பக்கூடிய எண் எது? திரையில் விழும் வெளிச்சத்தை அளந்து சொல்லும் எண். அமெரிக்கத் தர அமைப்பான ஆன்சி 1990-களில் வகுத்த முறை இது. திரை முழுக்க வெள்ளைப் படத்தைப் போட்டு, அதை ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் வெளிச்சத்தை அளந்து, சராசரியைத் திரையின் பரப்பால் பெருக்க வேண்டும். பிறகு வந்த ஐஎஸ்ஓ முறையும் சீனாவின் சிவிஐஏ முறையும் இதே அடிப்படைதான். பெட்டியில் ஆன்சி, ஐஎஸ்ஓ, சிவிஐஏ மூன்றில் ஒன்று எழுதியிருந்தால் அந்த எண்ணைப் பேச்சுக்கு எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அது எண் அல்ல, அலங்காரம்.

அந்த 60,000 ரூபாய்ப் பெட்டியின் 3,000 இப்படி அளந்த 3,000. முரண் அவிழ்ந்தது.

## கையில் இருக்கும் போனால் அளப்பது

ஆன்சி என்று எழுதியும் பொய் சொல்கிறவர்கள் உண்டு, யார் போய் அளக்கப் போகிறார்கள் என்ற தைரியம். ஓரளவுக்கு நாமே அளக்கலாம். ஆண்ட்ராய்டு போனின் முகப்பில் ஒளி உணரி இருக்கும், லக்ஸ் மீட்டர் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு சதுர மீட்டரில் எத்தனை லூமன் விழுகிறது என்பதுதான் லக்ஸ்.

1. ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, புரொஜெக்டரில் முழு வெள்ளைப் படம் போடுங்கள்.
2. படத்தின் அகலத்தையும் உயரத்தையும் மீட்டரில் அளந்து பெருக்குங்கள். 100 அங்குலப் படத்துக்கு 2.21 மீட்டர் அகலம், 1.25 மீட்டர் உயரம், சுமார் 2.75 சதுர மீட்டர் வரும்.
3. போனின் முகப்பு புரொஜெக்டரைப் பார்த்திருக்கும்படி சுவரோடு ஒட்டிப் பிடித்து ஒன்பது இடங்களில் லக்ஸ் குறித்துச் சராசரி எடுங்கள்.
4. சராசரி லக்ஸைப் பரப்பால் பெருக்குங்கள். 80 லக்ஸ் வந்தால் 80 × 2.75, அதாவது 220 லூமன்.

போன் உணரி துல்லியமானதல்ல, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் 220-க்கும் 20,000-க்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல அது போதும். ஓரங்களில் எவ்வளவு மங்குகிறது என்பதும் இந்த ஒன்பது எண்ணிலேயே தெரிந்துவிடும். நடுவில் 120, மூலையில் 50 என்று காட்டும் பெட்டிகளும் இருக்கின்றன.

## எவ்வளவு வெளிச்சம் போதும்

தியேட்டர்களுக்கென்று ஓர் அளவு இருக்கிறது: ஃபிலிம் இல்லாமல் வெறும் வெளிச்சம் மட்டும் திரையில் விழும்போது 16 ஃபுட்-லாம்பெர்ட். பெயர்தான் மிரட்டும், சாதாரண வெள்ளைத் திரைக்கு இதன் பொருள் சதுர அடிக்கு 16 லூமன், அவ்வளவே. இதை வைத்துப் போட்ட கணக்கு, முழு இருட்டான அறைக்கு:

1. 60 அங்குலப் படம், சுமார் 10.7 சதுர அடி: 170 லூமன்.
2. 80 அங்குலம், 19 சதுர அடி: 305 லூமன்.
3. 100 அங்குலம், சுமார் 30 சதுர அடி: 475 லூமன்.
4. 120 அங்குலம், சுமார் 43 சதுர அடி: 680 லூமன்.

நல்ல இருட்டில் கண் பழகிவிடுவதால் இதில் பாதி இருந்தாலும் படம் பார்த்துவிடலாம், உயிர்ப்பு குறையும். ஆக உண்மையான 250 லூமன் பெட்டியை 120 அங்குலத்துக்கு விரித்தால் கஞ்சியில் தண்ணீர் ஊற்றிய மாதிரி ஆகிவிடும். அதே பெட்டியை 80 அங்குலத்தோடு நிறுத்தினால் பரவாயில்லை என்று தோன்றும். விளம்பரத்தில் 200 அங்குலம் என்று இருக்கும். அது லென்ஸ் எவ்வளவு தூரம் ஃபோகஸ் ஆகும் என்பதைச் சொல்வது, எவ்வளவு பெரிதாகப் பார்க்க முடியும் என்பதை அல்ல.

80 என்றால் சின்னதாகத் தோன்றலாம். 43 அங்குல டிவியைவிடப் பரப்பில் சுமார் மூன்றரை மடங்கு.

## இருட்டுதான் முதல் செலவு

புரொஜெக்டரால் வெள்ளையைப் போட முடியும், கறுப்பைப் போட முடியாது. படத்தில் கறுப்பு இருக்கும் இடத்தில் பெட்டி வெளிச்சம் அனுப்பாமல் இருக்கும், அங்கே தெரிவது உங்கள் சுவர். சுவரில் டியூப்லைட் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தால் அதுதான் உங்கள் கறுப்பு. கதாநாயகன் தலைமுடியும் சுவரும் ஒரே நிறம்.

எண்ணில் பார்ப்போம். மேலே சொன்ன 220 லூமன் பெட்டி 100 அங்குலத்தில் 80 லக்ஸ் தருகிறது. ஹாலில் டியூப்லைட் எரிந்து சுவரில் 100 லக்ஸ் விழுகிறது என்று வையுங்கள். அப்போது வெள்ளை 180, கறுப்பு 100. இரண்டுக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம்கூட இல்லை. லைட்டை அணைத்துச் சுவரில் அரை லக்ஸுக்கு இறக்கினால் வெள்ளை 80, கறுப்பு அரையும் பெட்டியே கசியவிடும் கொஞ்சமும். ஸ்விட்சைத் தட்டியதற்கு ஒரு பைசா செலவில்லை, படமோ பத்து மடங்குக்கு மேல் தெளிந்துவிட்டது. இதே முன்னேற்றத்தை டியூப்லைட்டோடு பெற வேண்டுமென்றால் எத்தனை ஆயிரம் லூமன் வாங்க வேண்டியிருக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அதனால் என் கருத்து இது: 15,000 ரூபாய் வைத்திருப்பவர் அதில் ஒரு பங்கைத் திரைச்சீலைக்கு ஒதுக்குவது, அந்தப் பணத்தையும் சேர்த்துப் பெட்டியிலேயே போடுவதைவிடப் புத்திசாலித்தனம்.

குமரி மாவட்டத்து வீடுகளுக்கு இதில் சில தனிச் சங்கடங்கள் உண்டு. ஓட்டு வீடென்றால் வெளிச்சத்துக்காக நடுவில் வைத்த கண்ணாடி ஓடு, ஜன்னலுக்கு மேலே வெண்டிலேட்டர். புது கான்கிரீட் வீடென்றால் சிட்-அவுட்டிலிருந்து ஹாலுக்கு நேராகத் திறக்கும் பெரிய வாசல். பகலில் படம் பார்ப்பேன் என்றால் இவற்றையெல்லாம் மூடியாக வேண்டும். ஜன்னலுக்குத் தடித்த பிளாக்அவுட் துணி போட்டு, வெண்டிலேட்டருக்குக் கறுப்பு சார்ட் அட்டை வெட்டி வைத்தால் காரியம் முடியும். கண்ணாடி ஓட்டுக்குத்தான் யாராவது ஏற வேண்டும். ராத்திரி மட்டும் போதும் என்றால் இந்த வேலை எதுவும் வேண்டாம். உதாரணமாக 2026 கால்பந்து உலகக் கோப்பை வட அமெரிக்காவில் என்பதால் ஆட்டங்கள் நமக்குப் பெரும்பாலும் ராத்திரியிலும் விடியற்காலையிலும்தான். தூத்தூர் மாதிரி பந்தாட்டப் பைத்தியம் பிடித்த கடற்கரை ஊர்களுக்கு 250 லூமன் பெட்டியும் தாராளம், சூரியன் தலைகாட்டும் வரை.

திரைக்கு என்ன செய்வது? நேரான, மேடுபள்ளம் இல்லாத, பளபளப்பில்லாத வெள்ளைச் சுவர் நல்ல திரை. புட்டி வைத்துத் தேய்த்து, மேட் வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட் அடித்தால் போதும். பளபளக்கும் பெயின்ட் அடித்த சுவரில் புரொஜெக்டரின் வெளிச்சமே ஒரு நிலா மாதிரி நடுவில் தெரியும். பச்சை, ரோஸ் சுவரில் எல்லாருக்கும் மஞ்சள் காமாலையோ வெட்கமோ வந்த மாதிரி இருக்கும். வேட்டியை விரித்துக் கட்டுவது பழைய வழி, ஆனால் மெல்லிய துணி என்பதால் நல்ல பங்கு வெளிச்சம் பின்பக்கம் போய்விடும், வேட்டிக்குப் பின்னால் நிற்பவரும் படம் பார்ப்பார். பின்னால் இன்னொரு தடித்த வெள்ளைத் துணி சேர்த்தால் ஓரளவு மிஞ்சும்.

## பிக்சல்: '4கே சப்போர்ட்' என்ற சொல்

அடுத்த பொய் இது. '4கே சப்போர்ட்' என்றால் 4கே சிக்னல் கொடுத்தால் பெட்டி மறுக்காமல் வாங்கிக்கொள்ளும் என்று பொருள். வாங்கியதைத் தன் பேனலில் உள்ள புள்ளிகளுக்குச் சுருக்கித்தான் காட்டும். ஒரு படி கொள்ளும் பாத்திரத்தில் நாலு படி ஊற்றலாம், தங்குவது ஒரு படிதான். நீங்கள் தேட வேண்டிய சொல் 'நேட்டிவ்'. பேனலின் சொந்தப் புள்ளிகள் எத்தனை என்பதை அது சொல்லும்.

எத்தனை வேண்டும் என்பதும் கணக்குதான். சாதாரணக் கண்ணால் 3 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான புள்ளி வரை பிரித்துப் பார்க்க முடியும். 100 அங்குலப் படத்தில்:

1. 854 × 480 பேனல்: ஒரு புள்ளி 2.6 மில்லிமீட்டர். கொசுவலை வழியே பார்ப்பது போல இருக்கும்.
2. 1280 × 720: 1.7 மில்லிமீட்டர். கூர்ந்து பார்த்தால் தெரியும், கதையில் மூழ்கினால் மறந்துவிடும்.
3. 1920 × 1080: 1.15 மில்லிமீட்டர். பத்தடியில் உட்கார்ந்தால் பிரச்சினை இல்லை.

480 பேனலை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். சப்டைட்டில் எழுத்து உடைந்து தெரியும். மலையாளப் படத்துக்கு சப்டைட்டில் தேடாத ஊர் நம்முடையது என்றாலும் கொரியன் பார்க்கும் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள் இல்லையா. 720-ஐ ஏழெட்டாயிரம் விலையில் ஏற்றுக்கொள்ளலாம். 12,000-க்கு மேல் கொடுப்பதானால் நேட்டிவ் 1080-க்குக் கீழே இறங்கத் தேவையில்லை.

## மூன்று வகைப் பெட்டிகள், சுருக்கமாக

ஒற்றை எல்சிடி எல்இடி வகையை மேலே பார்த்தோம். இரண்டாவது டிஎல்பி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் 1987-ல் உருவாக்கிய சிப்பில் இலட்சக்கணக்கான நுண் கண்ணாடிகள் இருக்கும், அவை சாய்ந்து சாய்ந்து ஒளியைத் திரைக்கோ ஓரத்துக்கோ திருப்பும். எல்இடிக்குப் பதில் பல்பு எரியும் விளக்கு வகை டிஎல்பியில் ஒரே சிப்பின் முன் நிறச் சக்கரம் சுழன்று சிவப்பு, பச்சை, நீலத்தை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவதால், சிலர் கண்ணுக்குத் தலையைத் திருப்பும்போது வானவில் கீற்று தெரியும். தெரிகிறவர்களுக்கு அது பெரிய தொல்லை, தெரியாதவர்களுக்கு ஒன்றுமே இல்லை. வாங்கும் முன் பத்து நிமிடம் பார்த்துவிட வேண்டும். மூன்றாவது, எப்சன் முதலிய நிறுவனங்களின் 3எல்சிடி. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பேனல் என்பதால் வானவில் இல்லை, நிறமும் நன்றாக இருக்கும்.

பின் இரண்டு வகையிலும் 1080 பேனலோடு வீட்டுக்கென்று செய்தவை இந்தியாவில் பெரும்பாலும் 50,000 ரூபாய்க்கு மேலேதான் தொடங்கும். கையடக்க டிஎல்பி குட்டிகள் அதற்குக் கீழே கிடைக்கும், வெளிச்சம் இரண்டு மூன்று நூறுக்குள் நின்றுவிடும்.

## பெட்டியை எங்கே வைப்பது

இதை வாங்கிய பிறகு யோசிப்பவர்கள்தான் அதிகம். லென்ஸுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது த்ரோ விகிதம். மலிவு எல்இடி பெட்டிகளில் 1.2 முதல் 1.4 வரை இருக்கும், ஜூம் லென்ஸ் இருக்காது. அதாவது படம் சின்னதாக வேண்டுமென்றால் பெட்டியையே முன்னால் நகர்த்த வேண்டும்.

பன்னிரண்டடி ஹாலில் பின்சுவர் அலமாரியில் வைத்தால் லென்ஸிலிருந்து எதிர்ச்சுவர் சுமார் பத்தடி. 1.3-ஆல் வகுத்தால் அகலம் ஏழே முக்கால் அடிக்குப் பக்கம், அதாவது 106 அங்குலப் படம். நம் 250 லூமன் பெட்டிக்கு 80-தான் நல்லது என்று பார்த்தோமே, அதற்குப் பெட்டி சுவரிலிருந்து ஏழரை அடியில் இருக்க வேண்டும். அப்படியென்றால் ஹாலின் நடுவே டீப்பாய் மேல், ஆட்கள் உட்காரும் இடத்துக்கு முன்னால். ஃபேன் இரைச்சல் காதுக்குப் பக்கத்தில், குழந்தை எழுந்து போனால் தலை திரையில். கூரையில் மாட்டலாம் என்றால் ஹாலின் நடுவே சீலிங் ஃபேன் சுற்றுகிறது, இறக்கை வழியில் வந்தால் படம் வெட்டி வெட்டித் தெரியும். ஃபேனுக்கு முன்பக்கம், அதாவது திரைக்கும் ஃபேனுக்கும் இடையில் இடம் கிடைக்குமா என்று முதலில் டேப் வைத்து அளந்து பாருங்கள். சுவரில் செலோடேப்பால் 80, 100 அங்குலச் செவ்வகங்களை ஒட்டிப் பார்ப்பதும் நல்லது, வீட்டில் இருப்பவர்கள் அதிலேயே பாதி முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

பெட்டியைச் சாய்த்து வைத்தால் படம் மேலே அகன்று கீழே ஒடுங்கும். அதைச் சரிசெய்ய ஆட்டோ கீஸ்டோன் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். அது படத்தைப் பேனலுக்குள் நசுக்கிச் சதுரமாக்கும் தந்திரம், நசுக்கிய அளவுக்குப் பிக்சலும் வெளிச்சமும் போகும். கொஞ்சம் என்றால் சரி, கோணலாக வைத்துவிட்டு எல்லாம் அது பார்த்துக்கொள்ளும் என்று விடக்கூடாது.

## உப்புக்காற்று, ஈசல், கரண்ட்

மலிவு பெட்டிகளில் பேனலைக் குளிர்விக்க வெளிக்காற்றை அப்படியே உள்ளே இழுத்துப் பேனல் மேல் ஊதுவார்கள். காற்றோடு தூசியும் போய் ஒட்டும், இருண்ட காட்சிகளில் மங்கலான வட்டப் பொட்டுகளாகத் தெரியும், துடைக்க வேண்டுமென்றால் பெட்டியைப் பிரிக்க வேண்டும். குளச்சல், முட்டம், மணக்குடி பக்கத்து வீடுகளுக்கு அந்தக் காற்றில் உப்பும் ஈரமும் சேரும், வருஷத்தில் இரண்டு மழைக்காலம் வேறு. ஆகவே 'சீல்டு ஆப்டிகல் என்ஜின்', அதாவது ஒளி போகும் பாதை முழுவதும் மூடிய அமைப்பு என்று எழுதியிருக்கும் பெட்டிக்கு ஓரிரண்டாயிரம் கூடுதலாகக் கொடுப்பது வீணில்லை. கடலோரத்தில் இதை நான் லூமனுக்கு அடுத்த இடத்தில் வைப்பேன். பயன்படுத்தாதபோது மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வைக்கலாம், சூடு ஆறிய பிறகு.

தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், துணி கட்டிப் பார்ப்பது தனி சுகம். மழை விட்ட ராத்திரியில் மட்டும் வேண்டாம். லென்ஸுக்கு முன்னால் பறக்கும் ஒரு ஈசல் திரையில் பருந்து அளவுக்குத் தெரியும், ஃபேன் அதை உள்ளே இழுத்தால் வேறு செலவு. ஆரல்வாய்மொழி பக்கம் ஆடிக்காற்றில் திரைத்துணி பாய்மரமாகிவிடும்.

கரண்ட் விஷயத்தில் எல்இடி பெட்டிக்கு நன்மை அதிகம். 60 முதல் 100 வாட் என்பதால் சாதாரண இன்வெர்ட்டரே தாங்கும், திடீரென்று நின்றாலும் பெரிய சேதமில்லை. 200 வாட்டுக்கு மேல் இழுக்கும் விளக்கு வகைக்கு அணைத்த பிறகும் ஃபேன் ஓடிச் சூடு தணிய வேண்டும், நடுவில் கரண்ட் போய்ப் போய் வந்தால் விளக்கின் ஆயுள் குறையும். ஐப்பசி இடிமழையில் எந்த வகையானாலும் பிளக்கைப் பிடுங்குங்கள், அதோடு டிஷ் பாக்ஸிலிருந்து வரும் எச்டிஎம்ஐ வயரையும். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

## ஆப்பும் ஒலியும்

'ஆண்ட்ராய்டு உள்ளேயே இருக்கிறது' என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஓடிடி நிறுவனங்கள் படத்தை வைட்வைன் என்ற பூட்டுப் போட்டு அனுப்புகின்றன. எல்1 சான்று பெற்ற கருவிக்கு முழுத்தரம், எல்3 கருவிக்கு நெட்ஃபிளிக்ஸ் 480-க்கு மேல் தராது. மலிவு பெட்டிகள் பல எல்3 வகை. போனிலிருந்து மிரர் செய்தால் சில ஆப்களில் ஒலி வரும், படம் கறுப்பாக நிற்கும், அதுவும் இந்தப் பூட்டின் வேலைதான். ஃபயர் டிவி ஸ்டிக் போன்ற சான்று பெற்ற ஒன்றை எச்டிஎம்ஐ-யில் சொருகிவிட்டால் தீர்ந்தது. ஸ்டிக்குக்கு அதன் சொந்த அடாப்டரையே கொடுங்கள், பெட்டியின் யுஎஸ்பி ஓட்டை பல நேரம் போதாது.

உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் சமையலறை ரேடியோ தரம். வீட்டில் சும்மா கிடக்கும் 2.1 ஸ்பீக்கரை ஆடியோ வயரால் இணைத்தாலே போதும். ப்ளூடூத்தில் உதடு முன்னே, ஒலி பின்னே வரும்.

## வளைகுடாப் பெட்டி, பழைய ஆபீஸ் பெட்டி

இந்த மாவட்டத்தில் பல வீடுகளுக்கு இன்னொரு வழி உண்டு: துபாயிலிருந்தோ சவூதியிலிருந்தோ லீவுக்கு வருகிறவர் கொண்டுவருவது. வோல்டேஜ் ஒத்துப்போகும், மூன்று சதுர முள் பிளக்குக்குத்தான் அடாப்டர் வேண்டும். ஆனால் அங்கே வாங்கியதன் வாரன்டி பெரும்பாலும் இங்கே செல்லாது. பெயர் தெரிந்த நிறுவனத்தின் நல்ல பெட்டியை அங்கே குறைந்த விலைக்குப் பிடித்தால் துணிந்து கொண்டுவரலாம். பெயர் தெரியாத 20,000 லூமன் பெட்டி அங்கேயும் மலைபோல் குவிந்திருக்கிறது, அதைச் சுமந்து வருவதற்கு ஒரு டின் பால்பவுடர் கூட வைக்கலாம்.

பள்ளிக்கூடமும் கம்பெனியும் கழித்துவிடும் பழைய புரொஜெக்டர் அடுத்தது. கோயில்களில் பாட்டு வரி காட்டுவார்களே, அந்த வகை. 3,000 லூமன் என்று போட்டிருந்தால் புதிதாக இருந்தபோது உண்மையாகவே அதன் பக்கத்தில் தந்திருக்கும், விளக்கு தேய்ந்து இப்போது பாதி இருந்தாலும் புது மலிவு பெட்டியைவிடப் பல மடங்கு. குறைகளும் உண்டு:

1. பெரும்பாலும் 1024 × 768, சதுர வாட்டம். அகலப்படத்துக்கு அதில் 576 வரிதான் பயன்படும், மேலும் கீழும் சாம்பல் பட்டை.
2. எழுத்து பளிச்சென்று தெரியச் செய்தவை, முகத்தின் நிறம் வெளிறும்.
3. விளக்குக்கு ஆயுள் சில ஆயிரம் மணி நேரம்தான். மெனுவில் 'லேம்ப் ஹவர்ஸ்' பாருங்கள். மாற்று விளக்கு சில ஆயிரம் ரூபாய், அந்த மாடலுக்கு இன்னும் கிடைக்கிறதா என்பதைப் பெட்டி வாங்கும் முன்பே விசாரிக்க வேண்டும்.

பந்தாட்டம் பார்க்க மட்டும் என்றால், லைட் போட்டுக்கொண்டு பத்துப் பேர் உட்கார்ந்து கத்துவதற்கு, இந்தப் பழைய பெட்டிதான் என் தேர்வு. மலிவு எல்சிடியில் வேகமாக ஓடும் பந்துக்கு வால் முளைப்பதும் உண்டு.

## எந்தப் பணத்துக்கு எது

10,000-க்குள் என்றால் நேட்டிவ் 720, படத்தை 60-70 அங்குலத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், ராத்திரி மட்டும். 15,000 முதல் 25,000 வரை நேட்டிவ் 1080, மூடிய என்ஜின், ஆன்சி எண் எழுதிய எல்இடி பெட்டி. பெரும்பாலான வீடுகளுக்கு நிற்க வேண்டிய இடம் இதுதான். 25,000-க்கும் 50,000-க்கும் இடையில் இருப்பவற்றில் ஆடம்பரத்துக்கே பாதிப் பணம் போகிறது என்பது என் அபிப்ராயம், இன்னும் கொஞ்சம் சேர்த்து 3எல்சிடி அல்லது டிஎல்பி பக்கம் போவது மேல். பகலில் செய்தி, சாயங்காலம் சீரியல், ஹாலில் எப்போதும் விளக்கு என்று ஓடும் வீட்டுக்கு புரொஜெக்டரே வேண்டாம், அதே பணத்துக்கு டிவி வாங்குங்கள்.

வாங்கியாயிற்று என்றால் ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் செய்ய வேண்டியவை:

1. ஒன்பது இடத்தில் லக்ஸ் எடுத்து லூமன் கணக்கு.
2. எழுத்து நிறைந்த ஒரு பக்கத்தைப் போட்டு நான்கு மூலையும் ஒரே நேரத்தில் ஃபோகஸ் ஆகிறதா என்று பார்ப்பது. நடுவில் கூர்மை, மூலையில் மங்கல் என்றால் லென்ஸ் மட்டம்.
3. முழுக் கறுப்புப் படம் போட்டு இருட்டில் பொட்டு, வெளிச்சக் கசிவு தேடுவது.
4. மூன்று மணி நேரம் தொடர்ந்து ஒரு படம் ஓட்டுவது, கதவு ஜன்னல் எல்லாம் மூடி. சூடேறிய பிறகு ஃபோகஸ் நழுவுகிறதா, ஃபேன் சத்தம் மாறுகிறதா என்று கவனியுங்கள்.
5. அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் அதுவரை பரணில் ஏற்றாமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பது. அது இல்லாமல் பல இடங்களில் திருப்பி எடுக்க மாட்டார்கள்.